கோவளத்துக் கிணறு: 1752-ஆம் ஆண்டுப் புதுப்படையும் போர் மனிதனை மாற்றும் விதமும்

செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில் கோவளம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. கர்நாடக நவாபு அன்வருத்தீன்கான் கட்டுவித்த கோட்டையொன்று இங்கு இருந்தது. சாதத் பந்தர் என்பது அதன் பெயர். அதற்கும் முன்னர் ஆஸ்டெண்டுக் கும்பினியார் இவ்விடத்தில் பண்டகசாலை வைத்திருந்தனர். இப்பொழுது அக்கோட்டையின் இடத்தில் கடலோர விடுதியொன்று நிற்கின்றது. சுற்றுலாக் கையேடுகள் சில இதனை டச்சுக் கோட்டை என்று எழுதிவருவது பிழை. டச்சுக்காரரின் கோட்டை தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் உள்ளது.

இக்கோவளத்தில் 1752-ஆம் ஆண்டு நிகழ்ந்த சிறியதொரு முற்றுகையே இக்கட்டுரைக்குப் பொருள். வரலாற்று நூல்களில் இதற்குக் கிடைப்பது சில வரிகளே. ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, வந்தவாசி என்னும் பெரிய பெயர்களுக்கிடையே கோவளம் மறைந்துபோயிற்று. எனினும், போரும் படைவாழ்வும் சாதாரண இளைஞன் ஒருவனை என்ன செய்கின்றன என்னும் வினாவுக்கு, அப்பெரிய போர்களைக் காட்டிலும் இச்சிறிய முற்றுகையே தெளிவான சான்று தருகின்றது. அஞ்சி ஓடிய ஒரு கூட்டம் சில வாரங்களுக்குள் அஞ்சாது கொல்லும் படையாக மாறியதை நாம் இங்குப் படிப்படியாகக் காணலாம். அம்மாற்றத்தைக் கண்டு வியந்த ஆசிரியர்கள் உண்டு. அதனை ஆயர் ஒருவரின் கண்கொண்டு பார்த்தவர் மிகச் சிலரே. ஆகவேதான் இம்முயற்சி.

செய்தியை நமக்கு முதலில் தருபவர் ராபர்ட் ஓர்ம். இவர் சென்னையில் கும்பினி ஆலோசனைச் சபையில் இருந்தவர். இவர் எழுதிய படை வரலாற்றின் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. அதனையே எடுத்துக்கொண்டு, தமக்கே உரிய மிடுக்கான நடையில் 1840-இல் மீண்டும் எழுதினார் மெக்காலே. நம் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்ற தலைமுறைகள் பல மெக்காலேயின் வழியாகவே இந்நிகழ்ச்சியை அறிந்தன. இருவரையும் அருகருகே வைத்துப் படிப்போருக்கு ஒன்று விளங்கும். ஓர்ம் பதிவு செய்கிறார். மெக்காலே நகைக்கிறார். அந்த நகைப்பை விலக்கிவிட்டே நாம் மேற்செல்ல வேண்டும்.

வந்தவர் யாவர்?

ஆர்க்காட்டு முற்றுகை 1751-இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டின் நடுவில் திருச்சிராப்பள்ளியிலும் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். எனினும் கோவளமும் செங்கற்பட்டும் அவர்தம் கைகளிலேயே இருந்தன. கோவளத்தை அவர்கள் 1750-இல் பிடித்த விதம் குறிப்பிடத்தக்கது. துன்பக் குறி காட்டியவாறு ஒரு கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது. மாலுமிகள் நோயால் மடிகின்றனர், கரையில் இடம் தராவிடில் எஞ்சியோரும் மாள்வர் என்று சொல்லி அனுப்பினர். கோட்டைத் தலைவன் இரங்கினான். மெலிந்த தோற்றமுடைய முப்பது பேர் பிறர் தோள்மேல் சாய்ந்து உள்ளே வந்தனர். ஆயுதங்கள் ஆடைக்குள் இருந்தன. இரவில் எழுந்து காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர். நோயாளனுக்குக் கதவு திறந்த இரக்கம் கோட்டையை இழப்பித்தது. போர் மனிதரை மாற்றும் விதங்களுள் இதுவும் ஒன்று. அடுத்த முறை உண்மையான நோயாளி வந்தாலும் கதவு திறவாது.

இவ்விரு கோட்டைகளையும் மீட்குமாறு நவாபு முகமது அலி சென்னையாரை வேண்டினார். சென்னையில் அப்போது தேர்ந்த படை இல்லை. இருந்தவர் 200 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள். இரு சாராரும் புதியவர். இவர்களோடு 24 பவுண்டு எடையுள்ள குண்டுகளை எறியும் பீரங்கிகள் நான்கு இருந்தன. இத்தகைய கூட்டத்தை நடத்திச்செல்லத் தகுதியுள்ள அதிகாரி எவரும் விரும்பார். உடல்நலம் குன்றியிருந்த இராபர்ட் கிளைவ் தாமே முன்வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அந்த 200 ஐரோப்பியர் எத்தகையோர்? இலண்டன் சிறைகளின் குப்பை என்ற பொருள்பட எழுதினர் அக்கால ஆசிரியர். நாம் அவ்வாறு எழுதத் தேவையில்லை. கும்பினிக்கு ஆள் சேர்ப்பது அந்நாளில் தரகர்களின் தொழிலாயிருந்தது. கடன்பட்டவன், வேலையற்றவன், குடிமயக்கத்தில் கையொப்பமிட்டவன், தண்டனையிலிருந்து தப்ப விரும்பியவன் ஆகியோரைத் தரகர் பிடித்துக் கப்பல் புறப்படும்வரை பூட்டிய வீடுகளில் வைத்திருப்பர். பின்னர் ஏறத்தாழ ஆறு மாதக் கடற்பயணம். வழியில் பலர் இறப்பர். எஞ்சியோர் சென்னைக் கடலலையில் மசூலாப் படகேறிக் கரை சேர்வர். மொழி அறியாத நாடு, தாங்கொணா வெயில், மலிவாய்க் கிடைத்த சாராயம், கைக்குப் பழகாத துப்பாக்கி. இந்நிலையிலேதான் இவர்களைக் கோவளத்துக்கு அழைத்துச் சென்றனர்.

ஐந்நூறு சிப்பாய்களைப் பற்றி நூல்கள் இன்னும் குறைவாகவே பேசுகின்றன. மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் 1748-இல் வந்து சென்னைப் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியதற்கு முன்பு இவர்கள் வெறும் பண்டகசாலைச் சேவகர். சாதிக்கட்டுப்பாடு அதிகமின்றி எல்லாக் குலத்தாரும் அந்நாளைய சென்னைப் படையில் சேர்ந்தனர். முகமதியர், தெலுங்கர், தமிழர், கிறிஸ்தவர் யாவரும் இருந்தனர். போர்களால் நெசவும் உழவும் தடைப்பட்ட நாட்டில் மாதச்சம்பளம் பெரும் கவர்ச்சி. அவர்களும் வயிற்றின்பொருட்டே வந்தவர்கள். இலண்டன் தெருவினனும் தொண்டைமண்டலத்துச் சிற்றூரானும் கோவளத்து மணலில் ஒரே வரிசையில் நின்றதற்குக் காரணம் ஒன்றே.

ஓட்டமும் கிணறும்

படையில் ஒரு பகுதி இரவில் முன்சென்று கோட்டைக்கு அருகிலிருந்த தோட்டமொன்றில் இடம்பிடித்தது. விடியற்காலையில் கோட்டையினர் வெளிவந்து சுட்டனர். மெக்காலே எழுதுகையில், தற்செயலான குண்டொன்று ஒரு வீரன்மேல் பட, மற்றவரெல்லாம் திரும்பி ஓடினர் என்கிறார். ஓர்மின் விவரத்தில் வீழ்ந்தவர் வெறும் வீரர் அல்லர். அவர்களை அழைத்துச் சென்ற துணை அதிகாரி. இவ்வேறுபாடு சிறிதன்று. படைக்குப் புதியவனுக்குக் கொடி, நாடு, அரசன் என்பன எல்லாம் தொலைவிலுள்ளவை. அவன் கண்முன் நிற்பது தனக்கு முன்னே நடப்பவரின் முதுகு மட்டுமே. அம்முதுகு மண்ணில் விழுந்தால் நிற்பதற்குக் காரணம் எதுவும் எஞ்சுவதில்லை. அவர்கள் ஓடியது கோழைத்தனம் என்று கொள்வோமாயினும், அறிவற்ற செயல் என்று கொள்ள முடியாது.

சென்னையை நோக்கி ஓடியவர்களைக் கிளைவ் எதிர்கொண்டு, கடுமையும் காட்டியே திருப்பினார். முற்றுகை தொடர்ந்தது. மற்றொரு நாள், கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒரு பாறைமேல் மோதிற்று. சிதறிய கற்சில்லுகள் பதினான்கு பேரைக் கொன்றோ காயப்படுத்தியோ விட்டன. மற்றவர் நடுங்கி வெகுநேரம் தலைகாட்ட மறுத்தனர். முன்னணியில் பாரா நின்ற காவலன் ஒருவனைக் காணவில்லை. தேடியபோது ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டனர்.

மெக்காலேயின் வாசகர் சிரிக்கும் இடம் இதுவே. ஆனால் அக்கிணற்றுள் இறங்கி ஒருகணம் நிற்போமாக. கோவளம் கடற்கரை மணற்பாங்கு. அங்குள்ள கிணறு ஆழமற்றது. மேலே வட்டமாய்த் தெரியும் வானம். பீரங்கியின் ஓசை நிலத்தின் வழியாக மார்பில் அதிரும். பக்கத்தில் நின்றவனின் உடல் எவ்வாறு சிதைந்தது என்பதை அவன் சற்று முன்பு கண்டிருக்கிறான். ஒளிந்துகொள்வதே உடலின் இயல்பு. ஏதேனில் மரங்களுக்குள் ஒளிந்த முதல் மனிதனையும், பாறைப்பிளவுகளில் மறைந்த இஸ்ரவேலரையும் அறிந்த நமக்கு இவன் அந்நியன் அல்லன். பெலிஸ்தரின் படைக்கு அஞ்சி இஸ்ரவேல் மக்கள் குகைகளிலும் குழிகளிலும் ஒளித்துக்கொண்டதை 1 சாமுவேல் 13-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகின்றது. அச்சத்தைப் பற்றி வேதாகமம் காட்டும் நேர்மை வரலாற்றாசிரியரிடம் எப்போதும் காணப்படுவதில்லை.

உபாகமத்தின் போர்ச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புது வீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நாட்டியவன், பெண்ணை நியமித்தவன் என்போரோடு, பயந்தவனும் வீடு திரும்பலாம் என்று அது அனுமதிக்கின்றது (உபா. 20:5-8). கிதியோனின் படையிலிருந்து இவ்வாறு திரும்பியவர் 22,000 பேர், நின்றவர் 10,000 பேர் (நியா. 7:3). இச்சட்டத்துக்குக் காட்டப்படும் காரணம், ஒருவனது அச்சம் சகோதரரின் இருதயத்தையும் கரையச் செய்யும் என்பது. படைநலமே நோக்கம் என்று விளக்கவுரையாளர் கூறுவது சரியே. ஆயினும், அஞ்சுகிறவனை அடித்துத் திருப்பாமல் வீட்டுக்கு அனுப்ப ஒரு வாசல் அங்கே திறந்திருந்தது. கோவளத்தில் அவ்வாசல் இல்லை. ஆறு மாதக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவனுக்கு வீடேது?

நாணம் என்னும் கருவி

கிளைவ் தேர்ந்துகொண்ட வழி தண்டனையன்று. நாணமே கடுமையினும் வலிது என்று அவர் கண்டார். குண்டுகள் அடர்ந்து விழும் இடத்தில் தாமே மீண்டும் மீண்டும் போய் நின்றார். அதைப் பார்த்து நின்றவர்கள் வெட்கமுற்றனர். இரண்டொரு நாளில் ஓரளவு உறுதியுடன் தம் கடமையைச் செய்யத் தொடங்கினர். வரலாறு இதனைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுகின்றது. அதில் தவறில்லை. பிறரை ஏவிவிட்டுத் தான் கூடாரத்தில் இருக்கும் தலைவனைக் காட்டிலும் இவர் மேலானவரே.

ஆனால் நாணம் என்பது என்ன செய்கிறது? அச்சத்தை அது போக்குவதில்லை. ஓர் அச்சத்தின்மேல் மற்றோர் அச்சத்தை ஏற்றிவைக்கிறது. இறந்துபோவேனோ என்பதைவிட, இவர்கள்முன் இழிந்துபோவேனோ என்பது பெரிதாகிறது. தமிழராகிய நமக்கு இது புதிதன்று. போரில் புறங்கொடுத்தான் மகன் என்று கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் புகுந்ததைப் புறநானூற்றின் 278-ஆம் பாடல் கூறுகின்றது. மகனின் சிதைந்த உடலைக் கண்டு, அவன் ஓடவில்லை என்று தெரிந்தபோது அவள் ஈன்ற நாளினும் மகிழ்ந்தாள். பள்ளியில் இப்பாடலை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே கற்பித்தனர். அதே பாடலை ஆயராகப் படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது: அம்மகன் கிணற்றில் ஒளிந்து உயிரோடு திரும்பியிருந்தால் அவனுக்குப் போக இடம் இருந்திருக்காது.

நாணத்தோடு பயிற்சியும் சேர்ந்தது. அக்காலத் துப்பாக்கி நூறு கெஜத்துக்கு மேல் குறி நில்லாதது. ஒருவன் தனியே சுட்டால் பயன் குறைவு. வரிசையாக நின்று ஒரே கட்டளைக்கு எல்லாரும் சுடுவதே முறை. இதற்கான பயிற்சியை ஒல்லாந்து நாட்டு மாரிஸ் இளவரசர் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். துப்பாக்கியைக் கையாளுதலை நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளைச் சொல் அமைத்தனர். மருந்திடு, குண்டிடு, குத்து, தூக்கு, நோக்கு, சுடு என்று நாள்தோறும் பலமுறை செய்தவனின் கைகள், சிந்தைக்கு முன்னரே இயங்கக் கற்றுக்கொள்கின்றன. கொல்லுதல் ஒரு செயலாக அவனுக்குத் தோன்றுவதில்லை. அசைவுகளின் கோவையில் கடைசி அசைவாகவே தோன்றுகிறது.

இயல்பாகவே மனிதன் மனிதனைக் கொல்லத் தயங்குகிறான் என்ற கருத்தை அமெரிக்கரான எஸ். எல். ஏ. மார்ஷல் 1947-இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரில் எதிரியை நேர்கண்ட காலாட்படையினருள் நூற்றுக்கு 15 முதல் 25 பேரே சுட்டனர் என்றார். அவர் கணக்குக்குத் தக்க பதிவுகள் இல்லை என்று பின்வந்தோர் ஐயுற்றனர், அவ்வையம் நியாயமானதே. ஆகவே எண்ணை நாம் நம்பவேண்டுவதில்லை. எனினும் அதைப் படித்த படையினர் செய்தது உண்மை. வட்டக் குறிப்பலகைகளை நீக்கிவிட்டு, மனித உருவில் எழுந்து விழும் பலகைகளை வைத்துச் சிந்திக்காமல் சுடும் பயிற்சியைப் பெருக்கினர். கோவளத்தில் நாணத்தாலும் வாய்க்கட்டளையாலும் சாதித்ததைப் பின்னாளில் அறிவியலால் சாதித்தனர்.

பாதையில் நடந்தது

கோவளக் கோட்டை சில நாட்களில் பணிந்தது. உள்ளே ஐம்பது பீரங்கிகள் இருந்தன. அவற்றுட் பல 1746-இல் சென்னையிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சென்றவை. கோட்டை விழுந்த செய்தி செங்கற்பட்டுக்கு எட்டுமுன், அங்கிருந்து உதவிப் படையொன்று கோவளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிளைவ் அதனை அறிந்து, அவர்கள் வரும் வழியில் தம் ஆட்களை மறைவிடங்களில் நிறுத்தினார். வந்தவர் ஐயமின்றி நெருங்கினர். ஒரே வேட்டில் நூறு பேர் விழுந்தனர். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். மற்றவரைச் செங்கற்பட்டு வாசல் வரையில் துரத்திச் சென்றனர்.

இந்த இடத்தில் வாசகர் சற்றே நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்னாட்களுக்கு முன் கிணற்றில் ஒளிந்தவனும், தோட்டத்திலிருந்து ஓடியவர்களும் இவர்களே. இப்பொழுது மூச்சடக்கி மறைந்திருந்து, கட்டளை வரும்வரை காத்து, அருகில் வந்த மனிதர் நூறு பேரை ஒரு நொடியில் வீழ்த்துகின்றனர். மெக்காலே இவர்களை மதிக்கத்தக்க படை என்ற பொருளில் புகழ்கிறார். எது மதிக்கத்தக்கது ஆயிற்று? அவர்கள் இறப்புக்கு அஞ்சாமற் போனதா, கொல்லுதலுக்கு அஞ்சாமற் போனதா? இரண்டும் ஒன்றல்ல. முன்னது துணிவு. பின்னதற்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. வன்கண் என்றால் ஓரளவு பொருந்தும். வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் எப்போதும் ஒரே சொல்லால் குறிப்பதே பெருங்குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. வீழ்ந்த நூறு பேரில் பெரும்பான்மையோர் பிரெஞ்சுக்காரர் அல்லர். அவர்களிடம் சம்பளம் பெற்ற சிப்பாய்கள். சுட்டவர்களிலும் பெரும்பான்மையோர் சிப்பாய்களே. ஒரே நாட்டு மக்களை, சில வேளை ஒரே மொழி பேசுவோரை, இரு வேறு கும்பினிகளின் சம்பளம் துப்பாக்கியின் இரு முனைகளிலும் நிறுத்தியிருந்தது. ஒருசேரச் சுட்ட வேட்டில் எவன் குண்டு எவனைக் கொன்றது என்பதை எவனும் அறியான். படைத்தலைவருக்கு இது வசதி. ஆனால் சுட்டவனின் மனச்சாட்சிக்கு இது ஆறுதலா, அல்லது தீராத ஐயமா என்பது வேறு.

செங்கற்பட்டுக் கோட்டை விசயநகர மன்னர் காலத்தது. ஏரியும் சேற்று நிலமும் மூன்று புறமும் அரண் செய்தன. தென்னாட்டின் வலிய கோட்டைகளுள் ஒன்றென்று அது பெயர் பெற்றிருந்தது. கிளைவ் பீரங்கிகளை அணுக்கமாக நிறுத்தி இரு மதில்களையும் பிளந்தார். தாக்குதலுக்கு முன் பிரெஞ்சுத் தலைவர் உடன்பட்டு, படை மரியாதையோடு வெளியேறினார். நேரடித் தாக்குதல் தேவைப்படவில்லை. அதனால் இரு பக்கத்திலும் பல உயிர்கள் பிழைத்தன.

கிளைவ் இதன் பின்னர் உடல்நலம் கெட்டுச் சென்னை திரும்பினார். 1753 பிப்ரவரியில் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் அவருக்கு மணம் நிகழ்ந்தது. அவ்வாண்டே தாய்நாடு சென்றார். அவரும் தொடக்கத்தில் படைவீரர் அல்லர் என்பதை மறக்கலாகாது. பதினெட்டாம் வயதில் எழுத்தராய்ச் சென்னைக்கு வந்து, தனிமையாலும் மனச்சோர்வாலும் வாடிய இளைஞர் அவர். போரே அவரை மீட்டது என்று சொல்வோர் உண்டு. மீண்டும் வங்காளம், பிளாசி, பெருஞ்செல்வம், பாராளுமன்ற விசாரணை. இறுதியில் 1774 நவம்பர் 22-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், தம் கையாலேயே உயிர் நீத்தார் என்பது பொதுவாய் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. நோயும் அபினியும் காரணங்களாய்க் கூறப்படுகின்றன. போரை மட்டும் காரணமாக்குவது முறையன்று. ஆனால் போரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் முறையன்று.

திருச்சபை எங்கே இருந்தது?

இது நம் வாசகர் கேட்கவேண்டிய கேள்வி. கோவளத்துக்குப் படை புறப்பட்ட காலத்தில் வேப்பேரியில் பெப்ரீசியஸ் ஐயர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது பழவேற்காட்டுக்குச் சென்றவர். 1758-இல் லாலியின் முற்றுகைப்போது மீண்டும் அங்கே அடைக்கலம் புகுந்தவர். போரை அவர் கொள்ளையிடப்பட்டவரின் பக்கத்திலிருந்து அறிந்தார். கடலூரில் கிர்நாந்தர் ஐயர் இருந்தார். 1758-இல் அவ்வூர் வீழ்ந்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போனார். ஆங்கிலப் படையினருக்கெனக் கோட்டைகளில் குருமார் இருந்தனர்; ஆனால் மிகச் சிலர்.

படைவீரனை ஆத்துமா உள்ளவனாய்க் கண்டு அவனோடு தங்கியவர் என்றால், சுவார்ட்ஸ் ஐயரையே முதலில் சொல்லவேண்டும். தரங்கம்பாடிக்கு 1750-இல் வந்த அவர், 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்தார். அங்கிருந்த ஆங்கிலப் பட்டாளத்துக்காகவே ஆங்கிலம் கற்றார். முதலில் பிறர் பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். மருந்துக்கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான பிள்ளைகளுக்குப் பள்ளி ஏற்படுத்தினார். இவருக்குத் துணை நின்றவர் மேஜர் பிரஸ்டன். இதே பிரஸ்டன்தான் 1758-59-இல் செங்கற்பட்டுக் கோட்டையின் தலைவராயிருந்து, யூசுப்கானோடு சேர்ந்து, சென்னையை வளைத்த லாலியின் படையைப் பின்னின்று அலைக்கழித்தவர். ஐந்தாண்டுக்குப் பின் அந்த யூசுப்கானையே எதிர்த்து மதுரையை முற்றுகையிட்டபோது பிரஸ்டன் படுகாயமுற்று மாண்டார். யூசுப்கான் 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். செங்கற்பட்டில் தோளோடு தோள் நின்றவர் மதுரையில் எதிரெதிர் நின்றனர்.

அம்மதுரைப் பாளையத்துக்கே சுவார்ட்ஸ் சென்று, நோயுற்றோரையும் காயம்பட்டோரையும் கவனித்தார். அதற்காக நவாபு அளித்த 300 வராகனைப் பள்ளிக்குச் செலவிட்டார். பட்டாளத்தார் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1766-இல் திருச்சிராப்பள்ளியில் ஆலயம் எழுந்தது. சிப்பாய்களுள் கிறிஸ்தவராயிருந்தோர் மாறுதலாகிச் சென்ற இடங்களில் எல்லாம் சிறு கூட்டங்கள் முளைத்தன. பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கத்திலும் படையினரின் பங்கு உண்டு. ஆகவே தென்னிந்தியத் திருச்சபை வரலாற்றிலிருந்து படைவீரனை நீக்கிவிட இயலாது. இதனை நாம் வழக்கமாகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவன் எதைச் சுமந்துகொண்டு அந்த ஆலயத்துக்குள் நுழைந்தான் என்று கேட்பதில்லை.

கிளைவ் மணந்த அதே ஆலயத்தில் வழங்கிய 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில், போர்க்காலத்துக்கு மன்றாட்டு உண்டு. கடற்போருக்கு முன் சொல்லும் ஜெபம் உண்டு. வெற்றிக்குப்பின் நன்றியறிதலும் உண்டு. வென்றவன் தான் கொன்றதைக் குறித்துச் சொல்வதற்கெனத் தனி மன்றாட்டு இல்லை. பொதுப் பாவ அறிக்கையே அவனுக்கும் போதும் என்று கொண்டனர் போலும்.

பழைய திருச்சபை இவ்வாறு நினைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பசீலியு, அம்பிலோக்கியுவுக்கு எழுதிய நியதிகளுள் 13-ஆவதில், போரில் கொல்லுவதை முன்னோர் கொலையாக எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கைகள் தூயனவல்ல ஆகையால், மூன்றாண்டு திருவிருந்திலிருந்து விலகியிருத்தல் நன்று என்று ஆலோசனை கூறுகிறார். பத்தாம் நூற்றாண்டில் பேரரசர் நிக்கேபோர், போரில் மாண்ட தம் வீரரை இரத்தசாட்சிகளாக அறிவிக்கக் கேட்டபோது, இந்நியதியைக் காட்டியே அது மறுக்கப்பட்டது. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், நார்மானிய ஆயர்கள் வென்ற தம் படைக்கே தவமுறை விதித்தனர். கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டு. எத்தனை பேர் என்று அறியாதவனுக்கு வாழ்நாள் முழுதும் வாரத்தில் ஒருநாள். எய்த அம்பு யார்மேல் பட்டதென்று அறியமுடியாத வில்லாளருக்கு மூன்று தவக்காலங்கள். கோவளப் பாதையில் ஒரே வேட்டாய்ச் சுட்டவருக்கு இவ்வில்லாளரின் விதியே பொருந்தும். ஏழு நூற்றாண்டுக்கு முன்னரே இந்த ஐயத்தை அறிந்து அதற்கு ஒரு வழி வகுத்திருந்தனர் என்பது வியப்பளிக்கிறது. இவ்விதிகள் வீரனைத் தண்டிக்கவே எழுந்தன என்று எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. உனக்கு ஒன்று நேர்ந்தது, அதனை நாங்கள் அறிவோம் என்று சபை அவனுக்குச் சொன்ன முறை அது.

இதன் மூலம் எண்ணாகமத்தில் இருக்கின்றது. போரிலிருந்து திரும்பியவர், வெற்றி பெற்றிருந்தும், பாளயத்துக்குள் உடனே நுழையலாகாது. ஏழு நாள் புறம்பே தங்கி, மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் தம்மைச் சுத்திகரிக்கவேண்டும் (எண். 31:19-24). அந்த அதிகாரத்தின் மற்றப் பகுதிகள் நம் மனச்சாட்சியைப் பெரிதும் வருத்துவன, அவற்றை மழுப்புவதற்கில்லை. அத்தகைய கொடிய அதிகாரத்துக்குள்ளேயே இவ்விதி இருப்பதுதான் கவனிக்கத்தக்கது.

முதல் உலகப்போரில் நடுக்கமும் ஊமைத்தன்மையும் கொண்டு திரும்பியவரைக் குறித்து மையர்ஸ் என்னும் மருத்துவர் 1915-இல் எழுதினார். குண்டதிர்ச்சி என்னும் பெயர் அதனால் பரவிற்று. 1980-இல் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் இத்துன்பத்துக்கு நோய்ப்பட்டியலில் இடம் அளித்தது. அச்சத்தால் வரும் காயம் வேறு, தான் செய்ததால் வரும் காயம் வேறு என்று அண்மைக்கால மருத்துவரே பிரித்துப் பேசுகின்றனர். கிணற்றில் இருந்தவனும் பாதையில் இருந்தவனும் ஒருவனேயாயினும், அவன் பெற்ற காயங்கள் இரண்டு. மருத்துவம் முதலாவதை ஓரளவு ஆற்றும். இரண்டாவது வரும்போது அவன் நம் வாசலுக்கே வருகிறான், வருவானாயின்.

பெரும்பாலும் வருவதில்லை. வேலூர்ப் பகுதியில் வீட்டுக்கொருவர் படையில் சேரும் ஊர்கள் உண்டு. நெல்லை, குமரி மாவட்டச் சபைகளிலும் ஓய்வுபெற்ற படையினர் பலர். ஆலயக் குழுவில் ஒழுங்காய்ப் பணியாற்றுவர், கணக்கைத் துப்புரவாய் வைத்திருப்பர், போரைப் பற்றிக் கேட்டால் பனியையும் உணவையும் பற்றிச் சொல்வர். 1987-ஆம் ஆண்டு முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் தமிழரும் இருந்தனர். அப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே காலத்தில் யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் நோயாளர், செவிலியர், மருத்துவர் உள்ளிட்டோர் அறுபதுக்கு மேல் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவினர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழ் மக்கள் கொல்லப்பட்டதைச் சுட்டி, மாநில முதலமைச்சர் வரவேற்புக்குச் செல்லவில்லை. அம்முடிவின் நியாயம் பற்றி அன்றும் இன்றும் இரு கருத்து உண்டு. வரவேற்பா, புறக்கணிப்பா என்னும் இரண்டு மட்டுமே அன்று பேசப்பட்டன. எண்ணாகமம் கூறும் ஏழு நாள் எவர் நினைவுக்கும் வரவில்லை.

கோவளக் கோட்டையை 1752-இலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். செங்கற்பட்டுக் கோட்டையின் மதிலில் சில பகுதிகள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குற்றம் புரிந்த சிறுவர்க்கான சீர்திருத்தப் பள்ளியை அதற்குள் அமைத்தனர். இருப்புப்பாதை கோட்டையின் ஊடாகவே போடப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் செல்லும் வண்டிகள் இவ்வழியே ஏரியை ஒட்டிச் செல்கின்றன. விடுமுறையில் ஊர் திரும்பும் படைவீரரும், தகரப்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இவ்வழியே போகின்றனர்.